முதலிடம் பிடித்த ஆல்பம், சில மாதங்களில் கலைந்த குழு: பிளைண்ட் ஃபெய்த்துக்கு என்ன ஆனது?

1969 ஆகஸ்ட்டில் வெளியான 'பிளைண்ட் ஃபெய்த்' ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாடுகளிலும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அதை வாசித்த, அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் ராக் குழு அதே வருடம் அக்டோபரில் இல்லாமல் போனது. நான்கு பேர், ஒரே ஆல்பம், ஆறு பாட்டு, சொந்த நாட்டில் ஒரே ஒரு கச்சேரி. அந்தக் குழு விட்டுச் சென்றது இவ்வளவுதான்.

ராக் இசையின் கதையைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இங்கே குழம்பிப் போகிறார்கள். தோற்ற குழு கலைவது புரிகிறது, ஜெயித்த குழு எதற்குக் கலைய வேண்டும்? "பெரிய ஆட்கள், பெரிய ஈகோ" என்ற பதில்தான் வழக்கமாகக் கிடைக்கும். அது எனக்குப் போதவில்லை. நடந்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு காரணம் பளிச்சென்று தெரிகிறது. இந்தக் குழுவுக்கு எல்லாமே முன்பின்னாக நடந்தது. போதுமான பாட்டு சேரும் முன்பே கூட்டம் கூடிவிட்டது, ஆல்பம் கடைக்கு வரும் முன்பே சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. ஏன் அப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

## சூப்பர்குரூப் என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு ராக் குழு தெரியாத முகங்களாகத்தான் தொடங்கும். பள்ளித் தோழர்களோ ஒரே ஊர்ப் பையன்களோ சேர்ந்து சின்னச் சின்ன கிளப்புகளில் வருடக்கணக்கில் வாசிப்பார்கள். யார் பாடுவது, யார் எழுதுவது, எந்தப் பாட்டு எடுபடும் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். தப்பு செய்தாலும் பார்க்க ஐம்பது பேர்தான் இருப்பார்கள். அந்த ஐம்பது பேர் ஐந்நூறாகி, ஐயாயிரமாகும்போது குழு பழுத்திருக்கும்.

ஏற்கெனவே வேறு குழுக்களில் புகழ் பெற்றவர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கும் குழுவுக்குத்தான் சூப்பர்குரூப் என்று பெயர். 1960களின் கடைசியில் இந்தச் சொல் பரவலானது. பிளைண்ட் ஃபெய்த்தும் அப்படி ஒன்றுதான். இப்படிச் சேர்கிறவர்களுக்கு அந்த ஐம்பது பேர் கட்டமே கிடையாது. முதல் நாளே கூட்டம், முதல் நாளே எதிர்பார்ப்பு. இது வசதி போலத் தெரியும், ஆனால் பழகிக்கொள்ளும் காலம் அப்படியே பறிபோகிறது.

## நான்கு பேரும் எங்கிருந்து வந்தார்கள்?

1. எரிக் கிளாப்டன், கிட்டார். யார்ட்பேர்ட்ஸ், ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆகிய குழுக்களில் வாசித்துவிட்டு, 1966ல் ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் இருவரோடும் கிரீம் குழுவைத் தொடங்கியவர். கிரீம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் மேடையில் நீண்ட நேரத் தனி ஆவர்த்தனம், காது கிழியும் சத்தம், புரூஸுக்கும் பேக்கருக்கும் ஓயாத சண்டை என்று இரண்டே வருடத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. 1968 நவம்பர் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிரீம் விடைபெற்றது.

2. ஸ்டீவ் வின்வுட், குரல், ஆர்கன், கிட்டார். பர்மிங்ஹாம்காரர். பதினைந்து வயதிலேயே ஸ்பென்சர் டேவிஸ் குரூப்பில் பாடியவர். 1967ல் டிராஃபிக் குழுவைத் தொடங்கி, 1969 தொடக்கத்தில் அதிலிருந்து விலகினார்.

3. ஜிஞ்சர் பேக்கர், டிரம்ஸ். இவரும் கிரீம்தான். நால்வரில் மூத்தவர்.

4. ரிக் கிரெச், பேஸ் கிட்டார், வயலின். லெஸ்டரிலிருந்து வந்த ஃபேமிலி குழுவில் இருந்தவர். அந்தக் குழு அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தபோதே விலகி இங்கே சேர்ந்தார்.

இந்தப் பட்டியலில் பாதிப் பேர் கிரீம்காரர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தலைவலிக்கெல்லாம் இதுவே வேர்.

## தொடக்கத்தில் இது குழுவே இல்லை

கிரீம் முடியும் காலத்தில் கிளாப்டனின் ரசனை மாறியிருந்தது. 1968ல் 'த பேண்ட்' குழுவின் முதல் ஆல்பம் வந்தது. தனி ஆவர்த்தனத்தில் யாரும் யாரையும் முந்தாமல், பாட்டுக்காக எல்லோரும் அடங்கி வாசித்த இசை அது. அது கிளாப்டனை உலுக்கியது. அதே வருடம் ரோலிங் ஸ்டோன் இதழில் அவருடைய வாசிப்பைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரையும் வந்தது. ஆக, அவர் தேடியது கிரீமுக்கு நேர் எதிரான ஒன்றை.

வின்வுட்டும் வேலையில்லாமல் இருந்தார். பெர்க்‌ஷயரில் ஆஸ்டன் டிரோல்டு என்ற கிராமத்தில் அவருக்கு ஒரு குடில் இருந்தது. சர்ரேயில் கிளாப்டனின் வீடு. இரண்டு இடங்களிலும் மாறி மாறி உட்கார்ந்து, திட்டம் எதுவும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேக்கர் வந்து சேர்ந்தார்.

கிளாப்டனுக்கு அது சிக்கலாகப்பட்டது. கிரீம் கலைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மறுபடி சேர்ந்தால் மூவருமாகத்தான் சேர வேண்டும் என்று புரூஸிடம் சொல்லியும் இருந்தார். பேக்கர் வந்தால் உலகம் இதை இன்னொரு கிரீம் என்றுதான் பார்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வின்வுட்டுக்கோ பேக்கரின் தாளம் வேண்டும். வின்வுட்டின் வற்புறுத்தலுக்கு கிளாப்டன் இணங்கினார். கலைதல் என்பதன் முதல் விதை இங்கே விழுந்ததாகவே நான் நினைக்கிறேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. மனம் ஒப்பாமல் சொன்ன ஒரு சம்மதம், அவ்வளவுதான்.

இதே மாதங்களில் கிரீமின் கடைசி ஆல்பமான 'குட்பை' பிரிட்டனில் முதலிடத்தில் விற்றுக்கொண்டிருந்தது. புதிய குழுவின் செய்தியும் பழைய குழுவின் இசைத்தட்டும் ஒரே நேரத்தில் கடையில் இருந்தன. அந்த நிலையில் ரசிகர் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

## ஹைட் பார்க், 1969 ஜூன் 7

லண்டன் ஹைட் பார்க்கில் இலவச ராக் கச்சேரிகள் 1968ல்தான் தொடங்கியிருந்தன. 1969ன் முதல் பெரிய கச்சேரியாக பிளைண்ட் ஃபெய்த்தின் அறிமுகம் அறிவிக்கப்பட்டது. சுமார் 1 லட்சம் பேர் வந்தார்கள். பேஸ் வாசிக்கும் கிரெச் குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நாங்கள் இன்னும் தயாராகவில்லை என்பதுதான் கிளாப்டனின் எண்ணமாக இருந்தது.

அன்றைய படப்பதிவு பின்னாளில் டிவிடியாக வந்தது. பார்த்தால் இந்தக் குழுவின் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. கிளாப்டன் கையில் டெலிகாஸ்டர் கிட்டார், அதில் ஸ்டிராட்டோகாஸ்டர் என்ற இன்னொரு ரகக் கிட்டாரின் கழுத்து பொருத்தியிருந்தது. கிரீமில் கேட்ட அடர்த்தியான முழக்கம் இல்லை, மெல்லிய, தெளிந்த ஒலி. முன்னுக்கு வந்து கூட்டத்தைக் கிளப்பவும் அவர் முயலவில்லை. பாடுவது வின்வுட். அப்போது அவருக்கு வயது 21, கிளாப்டனுக்கு 24.

வாசித்தது ஒன்பது பாட்டு. ஆறு, ஆல்பத்தில் வரவிருந்தவை. மீதி மூன்றில் ஒன்று சாம் மையர்ஸின் பழைய புளூஸ் பாட்டு, ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு, ஒன்று டிராஃபிக் பாட்டு. கிரீம் பாட்டு ஒன்றுகூட இல்லை. வெயிலில் புல்தரையில் உட்கார்ந்திருந்த லட்சம் பேரில் பெரும்பாலோர் எதற்காக வந்திருப்பார்கள் என்று யோசித்தால், இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது விளங்கும். கூட்டம் அமைதியாகக் கேட்டது, கைதட்டியது. ஆனால் கச்சேரி தீப்பிடிக்கவில்லை. இந்த ஒன்பது பாட்டும் இருநூறு பேர் கொள்ளும் ஒரு கூடத்தில் கொஞ்ச நாள் பழுத்திருக்க வேண்டியவை.

அடுத்த வாரமே ஸ்காண்டிநேவியா. ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன், டென்மார்க் என்று சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். இந்தக் குழுவுக்குச் சரியான அளவில் அமைந்த மேடைகள் இவைதான். ஆனால் கிடைத்தது சில நாட்களே.

## அவசரம் யாருடையது?

இதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்.

லேபிள் என்பது இசைத்தட்டு நிறுவனம். கலைஞர் ஒரு லேபிளோடு ஒப்பந்தம் போட்டால், அந்தக் காலம் முடியும் வரை அவர் எங்கே பதிவு செய்தாலும் அந்த லேபிளின் சம்மதம் வேண்டும். அவர் குழுவை விட்டு வந்தாலும் ஒப்பந்தம் அவரை விடாது.

மேனேஜர் என்பவர் கலைஞருக்காகக் கச்சேரிகளையும் ஒப்பந்தங்களையும் பேசி முடிப்பவர். வரும் வருமானத்தில் அவருக்குப் பங்கு.

இப்போது நம் குழுவுக்கு வருவோம்.

1. கிளாப்டன், பேக்கர் இருவருக்கும் மேனேஜர் ராபர்ட் ஸ்டிக்வுட். பிரிட்டனில் பாலிடார் லேபிள், அமெரிக்காவில் அட்லாண்டிக்கின் கிளை லேபிளான அட்கோ.

2. வின்வுட், கிறிஸ் பிளாக்வெல் நடத்திய ஐலண்ட் லேபிளின் ஆள். எனவே இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் ஆல்பமே வெளிவரும்.

3. கிரீம் மூடியதால் ஸ்டிக்வுட் தரப்புக்கு நின்றுபோன வருமானம் பெரியது. கிளாப்டன், பேக்கர், வின்வுட் என்ற மூன்று பெயர்களை விளம்பரத்தில் போட்டாலே அமெரிக்காவின் பெரிய அரங்குகள் நிரம்பும். பாட்டு எத்தனை இருக்கிறது என்று டிக்கெட் வாங்குகிறவர் கேட்கப் போவதில்லை.

இதில் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. அவரவர் தொழிலை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். ஆனால் குழு தயாரா என்று கேட்டு, இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அக்கறையும் ஒருசேர இருந்த ஆள் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்த தேர் அது.

## ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது?

லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவின் பெரும்பகுதி நடந்தது. தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். டிராஃபிக்கோடும் ரோலிங் ஸ்டோன்ஸோடும் வேலை செய்தவர். போக்கில்லாமல் நீண்டுகொண்டிருந்த வாசிப்புகளைப் பாட்டாக ஒழுங்குபடுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மொத்தம் சுமார் 42 நிமிடம். ஆறு பாட்டில் மூன்று வின்வுட் எழுதியவை. கிளாப்டன் ஒன்று, பேக்கர் ஒன்று. மற்றது 1950களின் அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாட்டு.

'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்' மூன்றேகால் நிமிடம்தான். அக்கூஸ்டிக் கிட்டார் முன்னால் நிற்கிறது. வின்வுட் தன் குரலின் உச்சியில், கிட்டத்தட்டப் பெண் குரல் போன்ற மென்மையில் பாடுகிறார். அதிரடிக்குப் பேர் போன பேக்கர் இதில் சத்தமே காட்டாமல் பின்னால் மெல்ல உரசிக்கொண்டு போகிறார். கிரீம் ரசிகர் யாரும் இவரிடம் எதிர்பார்த்திராத அடக்கம். இந்தக் குழு என்னவாக ஆகியிருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

'பிரசன்ஸ் ஆஃப் த லார்ட்' கிளாப்டன் எழுதியது. சொல்லும் மெட்டும் முழுக்கத் தானே எழுதிய அவருடைய முதல் பாட்டாக இதைத்தான் சொல்கிறார்கள். அதைத் தானே பாடாமல் வின்வுட்டிடம் கொடுத்தார். மெதுவாக, பிரார்த்தனை போல நகர்ந்துவந்து, நடுவில் சட்டென்று வேகம் மாறி வா-வா பெடலோடு (காலால் அழுத்தி ஒலியை வளைக்கும் கருவி) கிட்டார் பாய்கிறது. அது ஓய்ந்ததும் பாட்டு பழைய நிதானத்துக்கே திரும்புகிறது. தனி ஆவர்த்தனம் பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. கிளாப்டன் தேடியது இதைத்தான்.

'சீ ஆஃப் ஜாய்' பாட்டில் கிரெச்சின் வயலினைக் கேளுங்கள். பிறகு கடைசிப் பாட்டு, பேக்கரின் 'டூ வாட் யூ லைக்'. ஐந்து எண்ணிக்கைத் தாளம், 15 நிமிடத்துக்கும் மேல். ஆளுக்கு ஒரு முறை தனியாக வாசிக்கிறார்கள். தாளம் நன்றாக இருக்கிறது, ஆனால் 42 நிமிட ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பாட்டே எடுத்துக்கொள்கிறது. கைவசம் வேறு பாட்டு இல்லை என்பதை ஆல்பமே சொல்லிவிடுகிறது.

மேலட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் மேலாடை இல்லாத ஒரு சிறுமியின் படம் இருந்தது. அன்றே சர்ச்சையாகி, அமெரிக்காவில் குழுவின் புகைப்படம் போட்ட மாற்று அட்டையும் வந்தது. ஒரு குழந்தையை அப்படிக் காட்டியது தவறு, காலத்தைக் காரணம் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. புகைப்படக்காரர் பாப் சைட்மன் அந்தப் படத்துக்கு வைத்த தலைப்பே குழுவின் பெயரானது.

## அமெரிக்கா: 42 நிமிடக் கணக்கு

சுற்றுப்பயணம் 1969 ஜூலை 12 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கி, ஆகஸ்ட் 24 அன்று ஹவாயில் முடிந்தது. ஆல்பம் கடைக்கு வந்தது ஆகஸ்ட்டில். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், மீதி எல்லாம் தானாகத் தெரியும்.

1. முதல் வாரங்களில் அரங்குக்கு வந்தவர்கள் குழுவின் ஒரு பாட்டையும் கேட்டிருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கிரீமும் டிராஃபிக்கும்தான்.

2. முதன்மைக் குழுவாக மேடை ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரமாவது வாசிக்க வேண்டும். கையில் இருப்பது 42 நிமிடச் சரக்கு. மீதியை எதைக் கொண்டு நிரப்புவது? பழைய பாட்டுகளால். ஹைட் பார்க்கில் ஒன்றுகூட இல்லாத கிரீம் பாட்டுகள் அமெரிக்காவில் உள்ளே வந்தன.

3. பழைய பாட்டு தொடங்கியதும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கும், புதிய பாட்டுக்கு அந்த வரவேற்பு இருக்காது. எதைக் கூடுதலாக வாசிக்க வேண்டும் என்று கூட்டமே தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது.

4. கூடவே பெரிய அரங்குகளின் நெருக்கடி. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ரசிகர்களுக்கும் போலீசுக்கும் கைகலப்பு மூண்டது. வின்வுட்டின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் எங்கே நிற்கும்?

எதிலிருந்து ஓடிவந்தாரோ அதே இடத்தில் கிளாப்டன் மறுபடி நின்றார். இதே பயணத்தில் ஃப்ரீ, டேஸ்ட், டெலனி அண்ட் பானி ஆகிய குழுக்கள் முன்னதாக மேடை ஏறின. டெலனி அண்ட் பானி அமெரிக்கத் தென்பகுதியின் சோல், காஸ்பெல் என்ற ஆப்பிரிக்க-அமெரிக்க இசை வகைகளை உற்சாகமாக வாசித்த ஒரு தம்பதியின் குழு. அவர்கள் மீது எதிர்பார்ப்புச் சுமை ஏதும் இல்லை. கிளாப்டன் தன் குழுவை விட்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டார், அவர்களோடே பயணமும் செய்தார். ஹவாயில் கடைசிக் கச்சேரி முடிந்தபோது குழு மனதளவில் கலைந்திருந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

## ஈகோதான் காரணம் என்றால்...

பல குழுக்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்தாலே உடைந்துவிடும் என்றால், எல்லாமே உடைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

அதே 1969ல் ஸ்மால் ஃபேசஸ் குழுவின் ஸ்டீவ் மேரியட், ஹெர்ட் குழுவின் பீட்டர் ஃப்ராம்ப்டன் சேர்ந்து தொடங்கிய ஹம்பிள் பை, ஆட்கள் மாறினாலும் எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஓடியது. எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழு கிட்டத்தட்ட பத்து வருடம் நின்றது. மறுபுறம் யூ.கே. என்ற குழு மூன்று வருடத்துக்குள் முடிந்தது, எண்பதுகளின் ஜிடிஆர் ஒரே ஸ்டூடியோ ஆல்பத்தோடு நின்றுபோனது. இரண்டு வகையும் உண்டு.

சரியான ஒப்பீடு பேட் கம்பெனி. ஃப்ரீயிலிருந்து பால் ராட்ஜர்ஸ், சைமன் கிர்க், மாட் த ஹூப்பிளிலிருந்து மிக் ரால்ஃப்ஸ், கிங் கிரிம்சனிலிருந்து பாஸ் பரெல். ஆள் சேர்த்த விதம் பிளைண்ட் ஃபெய்த் மாதிரியேதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1973 நவம்பரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 1974 மார்ச்சில்தான் முதல் கச்சேரி, நியூகாஸிலில். பிறகு ஆல்பம் வெளியாகி அமெரிக்காவில் முதலிடம். அதே நால்வர் 1982 வரை சேர்ந்திருந்தார்கள். 1969ல் பிளைண்ட் ஃபெய்த்துக்கு முன்னால் மேடை ஏறிய ஃப்ரீ குழுவில் ராட்ஜர்ஸும் கிர்க்கும் இருந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தை அவர்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள்.

வரிசை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யார் தலைவர் என்று பிளைண்ட் ஃபெய்த்தில் தெளிவே இல்லை. கிளாப்டன் வின்வுட்டை முன்னிறுத்தினார், வின்வுட்டோ கிளாப்டனைப் பார்த்து வளர்ந்த கூட்டத்தின் முன் நின்றார். ஆனால் அந்தக் கேள்வியையும் ஒரு குடிலில் ஆறு மாதம் உட்கார்ந்து தீர்த்திருக்கலாம். அந்த ஆறு மாதம்தான் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

## பிறகு?

கிளாப்டன் டெலனி அண்ட் பானியோடு சுற்றினார். 1970ல் அவர்களுடைய இசைக்கலைஞர்களைக் கொண்டே டெரெக் அண்ட் த டாமினோஸ் குழுவைத் தொடங்கினார். தன் பெயரை மறைத்துக்கொண்டு, பிரிட்டனின் சிறிய கிளப்புகளில் வாசித்தார். ஒரு வருடம் முன்பு கிடைக்காததைத் தானே ஏற்பாடு செய்துகொண்டார்.

வின்வுட் தனி ஆல்பம் தொடங்கினார். பழைய நண்பர்கள் வந்து சேர, அது டிராஃபிக் ஆல்பமாகவே 1970ல் வெளிவந்தது. பேக்கர் 'ஏர் ஃபோர்ஸ்' என்ற பெரிய குழுவைக் கட்டினார். கிரெச் அதிலும், பிறகு டிராஃபிக்கிலும் வாசித்தார். 1990ல் அவர் காலமானார், பேக்கர் 2019ல். கிளாப்டனும் வின்வுட்டும் 2008 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவுகள் சேர்ந்து வாசித்தார்கள்.

## கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்', 'பிரசன்ஸ் ஆஃப் த லார்ட்', 'சீ ஆஃப் ஜாய்' என்று மூன்றையும் முதலில் கேளுங்கள். பிறகு 'ஹேட் டு க்ரை டுடே'. அதன் பின் ஹைட் பார்க் படப்பதிவு. 2001ல் வந்த விரிவான பதிப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்' எலெக்ட்ரிக் கிட்டாரோடு எப்படி இருந்தது என்பதும், பாட்டாகத் திரளாத நீண்ட ஜாம் (திட்டமிடாத கூட்டு) வாசிப்புகளும் அதில் இருக்கின்றன. ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஜிம்மி மில்லர் எதை வெட்டினார், எதை வைத்தார் என்பது அப்போது காதுக்கே தெரியும்.